தலைப்புப் பக்கம் போன புறநானூறு, ஒரு பொட்டலம் பாட்டுப் புத்தகம்: எதற்கு விலை?

கிலோக்கணக்கு | வெள்ளி, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைப் பெயர் வேண்டாம், முதலாளி இந்தப் பக்கமெல்லாம் வந்து படிப்பார். அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரிந்ததில் சரக்கு மொத்தமும் போக, நடைபாதையில் சாக்கு விரித்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். யாராவது நல்ல புத்தகம் கேட்டு அது கடையில் இல்லையென்றால் "அது எரிஞ்சு போச்சு சார்" என்பார் முதலாளி. 1990இல் வந்த புத்தகமாக இருந்தாலும் அதே பதில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் மந்தைவெளியில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பெரியவர் தவறிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு பில்டர் கைக்குப் போகிறது. குட்டியானை வைத்து ஏற்றி வந்தோம். எடைக்குத்தான் எடுத்தது. முக்கால்வாசி வழக்கமான சரக்கு: பழைய கணக்கியல் கைடுகள், ரீடர்ஸ் டைஜஸ்ட், அட்டை போன ஆன்மிகப் புத்தகங்கள். மிச்சத்தில்தான் எனக்கும் முதலாளிக்கும் சண்டை.

ஒரு புறநானூறு, உ.வே.சா. பதிப்பு. காலிகோ பைண்டிங், முதுகு பிய்ந்திருக்கிறது, தலைப்புப் பக்கம் இல்லை. 1894ஆம் வருஷத்து முதல் பதிப்பு என்று முதலாளி சத்தியம் செய்கிறார். அடுத்தது வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி, முகப்பில் 1862 என்றே போட்டிருக்கிறது. கல்கியிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பொன்னியின் செல்வன். சணல் கட்டிய பொட்டலத்தில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், பெரும்பாலும் 1930கள், 40கள். கொஞ்சம் முத்து காமிக்ஸ். ஒரு சின்ன ஓலைச்சுவடிக் கட்டு.

புறநானூற்றையும் அகராதியையும் கல்லாவுக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தை "ஒண்ணு இருபது ரூபா" என்று வாசலில் பரப்பச் சொல்கிறார். நான் இன்னும் பரப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாயாவி72 | வெள்ளி, இரவு 11.03

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும். முத்து காமிக்ஸ் எந்த எண்? 1972இல் வந்த முதல் இதழ், இரும்புக்கை மாயாவி, அது இருக்கிறதா? அட்டை உண்டா? பின் துருப்பிடித்திருக்கிறதா? போட்டோ போடுங்கள். யாரிடமும் பேசி முடித்துவிடாதீர்கள்.

கிலோக்கணக்கு | வெள்ளி, இரவு 11.10

முதல் இதழ் இல்லை அண்ணே. இருப்பதில் பாதிக்கு அட்டை கிடையாது. அட்டை இருக்கிற ஒன்றில் யாரோ மாயாவிக்குப் பேனாவால் மீசை வரைந்திருக்கிறார்கள்.

மாயாவி72 | வெள்ளி, இரவு 11.12

மீசையா. கடவுளே.

உள்ளட்டை | சனி, காலை 6.20

நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். புறநானூற்றுக்குத் தலைப்புப் பக்கம் இல்லாவிட்டாலும் வயது கண்டுபிடிக்கலாம். ஐயர் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்தது 1880 முதல் 1903 வரை. அப்புறம்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த டாக்டர் பட்டம். பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. "மகாமகோபாத்தியாய" என்று எங்காவது இருந்தால் அது 1894 இல்லை. கூடவே "டாக்டர்" இருந்தால் 1932க்கு அப்புறம்.

தலைப்புப் பக்கம் போயிருந்தாலும் முகவுரை இருக்கும். அங்கேயும் ஒன்று கவனியுங்கள். முதல் பதிப்பில் வெறும் "முகவுரை" என்றுதான் இருக்க முடியும். "முதற்பதிப்பின் முகவுரை" என்று தலைப்பு இருந்தால், அது பின்னால் வந்த பதிப்பு, பழைய முகவுரையைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அடியில் கும்பகோணம் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு முதல் பதிப்பு என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. தேதியும் ஊரும் பழையதாகவே இருக்கும், அச்சடித்த வருஷம் வேறாக இருக்கும்.

ஐயர் குடியிருந்த தியாகராஜ விலாசம் உங்கள் திருவல்லிக்கேணியில்தான் இருந்தது. 2012இல் இடித்துவிட்டார்கள். அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஐயர் பதிப்புக்கு வயது பார்க்கிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது.

காலிகோ | சனி, காலை 9.45

அப்பா பைண்டர், நான் அந்தத் தொழிலைத் தொடரவில்லை, ஆனால் கை ஞாபகம் இருக்கிறது.

வின்ஸ்லோவை முதலாளி பூட்டி வைத்தது வீண் வேலை. ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் அந்த அகராதியை அப்படியே படம் பிடித்து மறுபதிப்புப் போட்டது, பழைய முகப்புப் பக்கமும் அதில் அப்படியே இருக்கும். ஒரு பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்ததென்றால் பொடிப்பொடியாக மேடு தட்டும். ஆப்செட் என்றால் வழவழவென்று இருக்கும். முகப்புக்குப் பின்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள், மறுபதிப்பு விவரம் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

தேதி இல்லாத தமிழ்ப் புத்தகம் கைக்கு வந்தால் அப்பா முதலில் பார்ப்பது விலையைத்தான். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால். "ந.பை." என்று நயா பைசா போட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்கு அப்புறம், "சென்னை-5" என்று மட்டும் இருந்தால் அதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பழைய பிளாக்கையே ஓட்டுகிற அச்சகங்கள் உண்டு. எழுத்தும் சொல்லும். லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. இதிலும் அவசரப்படாதீர்கள், சின்ன அச்சகங்கள் பழைய எழுத்தைத் தேயும்வரை வைத்து ஓட்டின.

தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால்தான் தலைவலி. "சர்வசித்து" என்றால் 1887ஆ 1947ஆ? அறுபது வருஷம் வித்தியாசம், பத்து மடங்கு விலை. அப்போது காகிதத்தைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல தாளில் அடித்த புத்தகம் இன்றைக்கும் மடக்கினால் மடங்குகிறது. உலகப் போர் சமயத்துக் காகிதப் பஞ்சத்தில் அடித்தது தொட்டாலே அப்பளமாக உடைகிறது. வயது குறைந்தது முதலில் சாகும், இந்தத் தொழிலில் அதுதான் விசித்திரம்.

இன்னொன்று: பிய்ந்த முதுகுக்கு செலோடேப் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டின இடம் மஞ்சளாகி, எழுத்தோடு உரிந்து வரும்.

பூட்டியகதவு | சனி, பகல் 12.30

எல்லோரும் விலை பேசுகிறீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியுமா? எடைக்கு எடுத்து, பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக ஆயிரக்கணக்கில் விற்பது என்ன நியாயம்? எங்கள் வீட்டில் அப்பா போனதும் அம்மா துக்கத்தில் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

கிலோக்கணக்கு | சனி, பகல் 2.15

அக்கா, கோபம் நியாயமானதுதான். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். எடைக்குப் போடுகிறவர்கள் புத்தகத்தை விற்பதில்லை, இடத்தைக் காலி செய்கிறார்கள். "நாளைக்குள்ள எடுத்துடுங்க" என்பதுதான் அவர்கள் சொல்கிற முதல் வாக்கியம். எதையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் டிவி ஸ்டாண்டைக் காட்டி இதையும் எடுத்துக்கொள்வீர்களா என்கிறார்கள். வண்டி வாடகை, தூக்குக்கூலி, குடோன் வாடகை எல்லாம் போய், வந்த சரக்கில் பெரும்பகுதி அப்படியே காகித ஆலைக்கு எடைக்குத் திரும்பப் போகிறது. நடுவில் அகப்படுகிற நான்கைந்து புத்தகம்தான் கடையை நடத்துகிறது.

ஆனால் புத்தகத்துக்குள் கிடைக்கிற கடிதம், போட்டோ, பத்திரம், ரேஷன் கார்டு எதையும் நாங்கள் விற்பதில்லை. கூப்பிட்டுச் சொல்கிறோம். பாதிப் பேர் வந்து வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பேர் "கிழிச்சுப் போட்டுடுங்க" என்பார்கள்.

பூட்டியகதவு | சனி, பகல் 2.40

இடம் காலியாக வேண்டுமென்பது சரி. ஆனால் வாங்கும்போதே மதிப்புத் தெரிந்து, வாயைத் திறக்காமல் தராசில் வைக்கிறவரும் இருக்கிறாரே. அவரும் நீங்களும் ஒன்றா?

காலிகோ | சனி, மாலை 4.05

இல்லை, ஒன்றில்லை. வாசலில் நின்றே தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கடைக்கு வந்து, துடைத்து, பக்கம் சரிபார்த்து, நாலு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்த மதிப்பு வேறு. அது இவர் உழைப்பு. அதற்குக் கூலி இல்லையென்றால் இந்தப் பொட்டலத்தை யாரும் அவிழ்க்கவே மாட்டார்கள், நேராக ஆலைக்குப் போயிருக்கும்.

பழுப்பு | சனி, இரவு 8.30

பாட்டுப் புத்தகத்தைப் பரப்பிவிட்டீர்களா? தயவுசெய்து பரப்பாதீர்கள்!

எனக்குப் பழைய படங்களில் பைத்தியம். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. இன்றைக்கு அதன் பிரதி கிடையாது. முப்பதுகளின் படங்களில் பெரும்பகுதிக்கு அதே கதிதான், நைட்ரேட் ஃபிலிம் எரிந்தும் மக்கியும் போய்விட்டது. அந்தப் படங்களில் என்ன கதை, யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு, என்ன ராகம் என்பதற்கு மிஞ்சியிருக்கிற சாட்சி தியேட்டரில் ஓரணா, இரண்டணாவுக்கு விற்ற அந்தப் பாட்டுப் புத்தகம்தான். கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், அச்சகத்தின் பெயர், பின்னட்டையில் சோப்பு விளம்பரம் என்று பதினாறு பக்கத்துக்குள் எல்லாம் இருக்கும். சில பிரதிகளில் யாராவது பென்சிலால் பார்த்த தேதியையும் கொட்டகைப் பெயரையும் குறித்திருப்பார்கள். அது கறை இல்லை, தகவல். அழிக்க வேண்டாம்.

உங்கள் முதலாளி பூட்டி வைத்த இரண்டைவிட வாசலில் போடச் சொன்னதுதான் பெரிது என்று பந்தயம் கட்டுகிறேன். ஐயர் பதிப்பை அச்சடிக்கும்போதே வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும். நூலகங்கள் வாங்கின, புலவர்கள் காலிகோ போட்டு வைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தைப் படம் பார்த்துவிட்டு வரும் வழியிலேயே கடலை மடித்தார்கள். மிஞ்சினதுதான் அபூர்வம்.

உள்ளட்டை | ஞாயிறு, காலை 6.40

பழுப்பு சொல்வது சரி. கோட்டையூர் ரோஜா முத்தையா இதைத்தான் செய்தார். புத்தகம் மட்டுமா சேர்த்தார், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளினதையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. அவர் சேர்க்கிற காலத்தில் ஊரில் நாலு பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பொன்னியின் செல்வன் பற்றி யாரும் பேசவில்லையே. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு இருக்கும், அதற்காகவே தேடுகிறார்கள். பிற்காலப் புத்தகப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் இல்லை. ஆனால் வானளாவ விலை எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குப் பத்து வீட்டில் பைண்டு பண்ணினார்கள், அதனால் நிறைய மிஞ்சியது. எல்லோரும் தொடரைக் கிழித்ததால், கிழிக்கப்படாத முழு இதழ்தான் இப்போது கிடைப்பதில்லை. அட்டையோடு முழுசாக ஒரு 1950 இதழ் வந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

வண்ணார்பண்ணை | ஞாயிறு, காலை 10.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் பார்க்கப் பொறாமையாய்க் கிடக்கு. உங்களுக்கு ஒரு மார்க்கெட் எரிந்தது, எங்களுக்கு 1981இல் பொது நூலகமே எரிந்தது, தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் என்று சொல்லுவார்கள். அதுக்குப் பிறகு 1995 இடம்பெயர்வில் வீட்டு அலுமாரிகளும் போயிட்டுது. சனம் பிள்ளையைத் தூக்குமா, புத்தகத்தைத் தூக்குமா.

அதனால் எங்கடை பழைய பதிப்புகளை நாங்கள் சென்னைப் பழைய கடைகளில்தான் தேட வேண்டியிருக்கு. ஆறுமுக நாவலருக்கு இங்கே வண்ணார்பண்ணையில் ஒரு அச்சுக்கூடம், சென்னை தங்கசாலைத் தெருவில் ஒன்று. சி.வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர், ஆனால் கலித்தொகை உட்பட அவர் பதிப்பித்தவை சென்னையில் அச்சானவை. எங்கடை அச்சுக்கூட முத்திரையோடு ஏதும் வந்தால், அது பாலபாடமாய் இருந்தாலும், கிழிஞ்சதாய் இருந்தாலும், எடைக்குத் திருப்பிப் போடாதேங்கோ. விலை தர ஏலாவிட்டாலும் ஒரு ஸ்கான் எடுத்து நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்பினால் போதும். 2005இலிருந்து ஈழத்து நூல்களை அப்படித்தான் ஒன்று ஒன்றாய்ச் சேர்க்கிறார்கள்.

கிலோக்கணக்கு | ஞாயிறு, பகல் 1.00

கண்டிப்பாக அண்ணை. கடை மூலையில் தலைப்பு இல்லாத சைவப் புத்தகங்கள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. நாளைக்கே பிரித்துப் பார்க்கிறேன்.

உரிமம் | ஞாயிறு, மாலை 3.20

ஓலைச்சுவடியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள், அதில்தான் வம்பு. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியோ ஆவணமோ எழுபத்தைந்து வருஷம் தாண்டிவிட்டால் தொல்பொருள். அதை வாங்கி விற்கிற தொழில் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவது தனியாருக்குத் தடை. "ஃபாரின் பார்ட்டி கேட்கிறார்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே காட்டினால் உள்ளே என்ன என்றாவது தெரியும். ஜாதகக் கட்டாகவோ வீட்டுக் கணக்காகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம், இருந்தாலும் கேளுங்கள்.

அப்படியே முத்திரைகளையும் பாருங்கள். நூலக முத்திரை இருந்து "கழிக்கப்பட்டது" என்ற குறிப்பு இல்லையென்றால் தள்ளி வையுங்கள். தரங்கம்பாடியில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி தஞ்சை சரஸ்வதி மகாலிலிருந்து 2005இல் காணாமல் போனது. 2022இல் அது லண்டனில் இருப்பதைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது. பதினேழு வருஷம் கழித்தும் கண்டுபிடிப்பார்கள்.

மாயாவி72 | ஞாயிறு, மாலை 5.00

காமிக்ஸுக்கும் ஒரு வார்த்தை. அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு வருகிறதா, மையோடு சேர்ந்து உடைகிறதா என்று பாருங்கள். கதை படிக்க வேண்டுமென்றால் மறுபதிப்பு இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். பழைய இதழைத் தேடுகிற எங்களுக்கு வேண்டியது கதை இல்லை, அந்தச் சிவகாசிக் காகித வாசனை. இதற்கு வீட்டில் திட்டு வாங்கியாகிவிட்டது, நீங்களும் திட்ட வேண்டாம்.

கிலோக்கணக்கு | புதன், இரவு 11.25

நிலவரம் சொல்கிறேன்.

புறநானூற்றில் "முதற்பதிப்பின் முகவுரை" என்றே தலைப்பு. விளம்பரப் பக்கத்தில் ஐயர் பெயருக்கு முன்னால் டாக்டர். 1932க்கு அப்புறம் வந்ததுதான். முதலாளி மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார், அப்புறம் "சரி, பழைய புஸ்தகம்தானே" என்றார். ஒரு தமிழாசிரியர் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டார், படிக்கத்தான். வின்ஸ்லோ மறுபதிப்பு, தாள் வழவழவென்றுதான் இருக்கிறது. நாலு பேர் அகராதியாகவே கேட்டிருக்கிறார்கள்.

பாட்டுப் புத்தகங்களைப் பழுப்பு சார் கடைக்கு நேரில் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்டி, இந்தப் படத்துக்குப் பிரதி இல்லை, இதற்கும் இல்லை என்று சொல்லச் சொல்ல முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழுப் பொட்டலத்தையும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் விற்பனை என்று முடிவு. விலை இங்கே எழுத வேண்டாம் என்கிறார். பூட்டி வைத்த இரண்டும் சேர்ந்து அதில் கால்வாசி வராது.

பூட்டியகதவு அக்காவுக்கு: அந்த வீட்டுப் பெரிய மகளுக்குப் போன் போட்டோம். முதலாளிதான் பேசினார், என்னை அனுப்பிவிட்டு. ஒரு தொகை அனுப்புவதாகச் சொன்னதற்கு அவர் பணம் வேண்டாம் என்றிருக்கிறார். பென்சில் குறிப்பு இருக்கிற பக்கங்களின் நகல் மட்டும் கேட்டார். தாத்தா கையெழுத்தாம். சுவடி அவர்களுக்கே திரும்பப் போகிறது, சுவடி நூலகத்து முகவரியும் கொடுத்தாயிற்று.

ராமபாணப் பூச்சிக்கு வழி சொல்லுங்கள் காலிகோ அண்ணே. பாட்டுப் புத்தக ஓரமெல்லாம் அரித்திருக்கிறது.

காலிகோ | வியாழன், காலை 8.15

அப்பா மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார், பூச்சி வராமல் இருக்க. அலமாரியில் வசம்பு போடுவார். ஆனால் இந்தப் பொட்டலத்துக்குப் பசை எதுவும் வேண்டாம், பைண்டும் வேண்டாம். பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தாமல் படுக்க வையுங்கள். முதலாளி ஆசையில் எல்லாவற்றையும் சேர்த்து பைண்டு போடக் கிளம்புவார், தடுத்துவிடுங்கள். ஓரத்தை வெட்டினால் பென்சில் குறிப்பும் போய்விடும்.

புதியவன்_நெல்லை | வியாழன், இரவு 9.40

இழைக்குப் புதியவன். எங்கள் ஆச்சியின் தமிழ் பைபிள் இருக்கிறது, 1950களில் அடித்தது, தோல் அட்டை. கோடிக்கணக்கில் போகும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, எங்கே விற்கலாம்?

உரிமம் | வியாழன், இரவு 9.55

போகாது தம்பி. ஐம்பதுகளின் பைபிள் வீட்டுக்கு வீடு இருக்கிறது. முதல் பக்கங்களில் குடும்பத்தில் பிறந்தவர்கள், ஞானஸ்நானம், கல்யாணத் தேதி எல்லாம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் விற்காதீர்கள், நாளைக்கு ஏதாவது சான்றிதழுக்கு அதுதான் கைகொடுக்கும். போட்டோவும் எடுத்து வையுங்கள்.